உமையாள் வைத்த பரீட்சை

"ஆயா, காலேஜ்ல எனக்காக நீங்கதான் பேசணும்" என்று உமையாள் வந்து நின்றபோது, இந்தப் பெண்ணுக்கு வெயிலில் என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். எனக்கு எழுபத்து நான்கு வயது. கையெழுத்து கேட்டால் கட்டைவிரலை நீட்டுகிறவள். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மருமகள் ராஜிதான் எழுதுகிறாள். என் பேச்சுக்குக் காலேஜில் என்ன வேலை?

உமையாள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பர்மாவில், தாகேதா பேட்டையில், எங்கள் வரிசையில் கடைசி மரவீடு அவளுடையது. அப்பா நல்லப்பன் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். அம்மா இவளுக்கு ஏழு வயதாகும்போதே போய்விட்டாள். அன்று முதல் தலைவாருவதற்கு என் வீட்டுக்கு வருவாள். நல்ல கறுப்பு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "கலாமா, கலாமா" என்று கூப்பிடுவார்கள். இந்தியாக்காரி என்று இளக்காரமாகச் சொல்வது. இவள் திரும்பவே மாட்டாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்புவாள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

பள்ளியின் கடைசிப் பரீட்சையான பத்தாம் வகுப்பில் ஆறு பாடத்திலும் டிஸ்டிங்ஷன் வாங்கினாள். வரிசை முழுக்கக் கேசரி கிண்டினோம். டாக்டருக்குப் படிக்க மனுப் போட நல்லப்பனும் அவளும் போனார்கள், துணைக்கு நானும் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த மனிதர் மார்க் காகிதத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. குடியுரிமை அட்டையைப் பார்த்தார், மலர்ந்தது சுருங்கியது. நல்லப்பனின் அட்டை பச்சை, மகளுடையதும் பச்சை. நல்லப்பனின் அப்பா எந்த வருஷம் கப்பலில் வந்து இறங்கினார் என்பதற்குக் காகிதம் இல்லை, அதனால் பச்சை. டாக்டர் படிப்பு ரோஸ் அட்டை வைத்திருக்கிற முழுக் குடிமக்களுக்குத்தானாம்.

"மார்க் ரொம்ப நல்லா இருக்கு மகளே, அட்டைதான் சரியில்ல" என்று பர்மியில் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் நாங்களும் பதிலுக்குக் கத்தியிருப்போம். அந்த மரியாதையில் வாயடைத்துப்போய் மூன்று பேரும் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். பஸ் இரண்டு வந்து போயிற்று, ஏறத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அஞ்சல்வழியில் ஒரு பட்டம் வாங்கினாள். பபேடானில் ஒரு மருந்துக் கடையில் நான்கு வருஷம் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். நல்லப்பன் காலமானதும் வீட்டிலேயே டியூஷன் தொடங்கினாள். ஊரில் பள்ளிகளும் காலேஜ்களும் மூடிக் கிடந்த வருஷங்களில்கூட அவள் வீட்டில் கரும்பலகை காயவில்லை. "உமையாள் சயாமாகிட்ட படிச்சா பாஸ்" என்று பேராகிவிட்டது. சயாமா என்றால் எங்கள் ஊரில் டீச்சரம்மா.

இருக்கிற கூடத்தில் இருபது பிள்ளைகள்தான் உட்காரலாம். வருகிறவர்களோ எழுபது பேர். அதனால் ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறப்பதற்கு முன்னால் வாசலில் பாய் விரித்து ஒரு பரீட்சை வைப்பாள். தேறினவர்கள் உள்ளே, மற்றவர்கள் வீட்டுக்கு. பாய் விரிப்பது நான்தான். பெருமையாகவே விரிப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் தென்னாப்பிரிக்காவிலிருந்து அந்த அறிவிப்பு வந்தது. அங்கே சில பேராசிரியர்கள் சேர்ந்து, தங்கள் தங்கள் நாட்டில் காலேஜ் வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்காக ஒரு வருஷப் படிப்பு நடத்துகிறார்கள். ஆசிரியர் வேலைக்கான படிப்பு, எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான். சர்டிபிகேட் கேட்பதில்லை. மனுப் போடுகிறவரைப் பத்து வருஷமாவது அருகிலிருந்து பார்த்த, சொந்தக்காரர் அல்லாத ஒருவர் வந்து அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த மொழியிலும் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் சரியாம்.

"அப்படியா எழுதியிருக்கு?" என்றேன்.

"ஆமா ஆயா. இங்க பாருங்க."

"நான் பாத்து என்னத்தடி தெரியப்போவுது? திருப்பிப் படி."

மூன்று முறை படிக்கச் சொன்னேன். மூன்று முறையும் அப்படியேதான் இருந்தது.

இந்த இடம் கிடைத்தால் அவள் பெயருக்குப் பின்னால் ஒரு காலேஜின் பெயர் வரும். வயது முப்பத்து மூன்று, இனி ஒரு வாசல் திறக்கும் என்று நாங்கள் யாருமே எண்ணியிருக்கவில்லை. அதனால் நேர்காணல் நாளன்று ஒன்றும் குறைவைக்கக் கூடாது என்று நான் முடிவுசெய்தேன். மத்தியானம் ஒன்றரை மணிக்கு. அந்த நேரத்தில் எங்கள் வார்டுக்குக் கரண்ட் கிடையாது, பேட்டரி கொண்டுவந்து வைத்தோம். தகரக் கூரையில் மழை. நான் தனாக்கா கட்டையைச் சந்தனம்போல அரைத்து அவள் முகம் முழுக்க அப்பினேன். கழுத்தையும் விடவில்லை.

"ஆயா, போதும். சுவருக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். வெள்ளைக்காரங்க முன்னாடி போய் உக்காரப் போற. கலாமான்னு நெனச்சிரக் கூடாது."

"வெள்ளைக்காரங்கன்னு யாரு சொன்னா?"

"வெளிநாட்டு புரொபசர் வேற எப்படிடி இருப்பான்? பேசாம முகத்தக் காட்டு."

கம்ப்யூட்டர் திரை வெளிச்சமானது. மூன்று பேர் தெரிந்தார்கள். நரைத்த தலையோடு ஒரு அம்மாள், கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், குறிப்பெடுக்க ஒரு இளம்பெண். மூன்று பேரும் கறுப்பு. எங்கள் கறுப்பு இல்லை, அதைவிடப் பல மடங்கு. நான் திகைத்துப்போய்விட்டேன். வாய் என் சொல் கேட்கவில்லை.

"அடி ஆத்தீ! காப்பிலிங்களாடி புரொபசரு?"

உமையாள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் திரையின் ஓரத்தில் நான்காவதாக ஒரு முகம் இருப்பதைப் பார்த்தேன். நான் சொல்வதை அவர்களுக்கு மாற்றிச் சொல்வதற்காக வைத்திருந்த இலங்கைத் தமிழ்ப் பெண்.

"அம்மா, நீங்கள் கதைக்கிற எல்லாத்தையும் நான் அவையளுக்குச் சொல்ல வேணும்" என்றாள், மெதுவாக. "இதையும் சொல்லுறதோ?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாயிலிருந்து வந்ததை நான் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை.

"சொன்னது சொன்னதுதான். சொல்லும்மா" என்றேன்.

சொல்லிவிட்டாள். நரைத்த அம்மாள், பேராசிரியர் தான்டேகா என்று பெயர், என்னை உற்றுப் பார்த்தார். பிறகு என்னவோ சொன்னார். இலங்கைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாற்றினாள்: "இந்தச் சொல்லை இதுவரைக்கும் நாலு மொழியில கேட்டிருக்கிறாவாம். இது அஞ்சாவதாம். இனி உமையாளைப் பற்றிச் சொல்லட்டாம்."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. எங்களைத் தெருவில் கலா, கலாமா என்று கூப்பிடும்போது வயிறு எரிகிறவள், பார்த்த மாத்திரத்தில் அதையே இன்னொருவர் மேல் வீசிவிட்டேனே. மன்னிப்புக் கேட்டேன். அதையும் மாற்றிச் சொன்னாள்.

சாட்சி பேசும்போது மனுப் போட்டவர் வாய் திறக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. உமையாள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் வாயால் கெட்டதை என் வாயாலேயே சரிக்கட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. தாயில்லாமல் வளர்ந்ததைச் சொன்னேன். ஆறு டிஸ்டிங்ஷனைச் சொன்னேன். பச்சை அட்டையைச் சொன்னேன். அந்த இடத்தில் கண்ணாடிக்காரப் பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் பெயர் சிபுசிசோ.

நன்றாகப் போகிறது என்று எனக்குத் தெம்பு வந்தது. பெரிய சரக்கை எடுத்தேன்.

"எங்க உமையா கண்ட கண்ட டியூஷன் டீச்சர் மாதிரி இல்ல. வர்றவனையெல்லாம் சேக்க மாட்டா. வாசல்லயே பரீட்சை. எழுவது பேர் வந்தா இருவதுதான் உள்ள. அந்த இருவதும் பாஸு!"

மேசைக்குக் கீழே உமையாள் என் தொடையைக் கிள்ளினாள். போதாது, இன்னும் சொல் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குத் தோன்றினது அதுதான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி பீர் முகைதீன், சைக்கா, அதான் மூணு சக்கர சைக்கிள் வண்டி, மிதிக்கிறவரு, மக மிஸ்பாவக் கூட்டிட்டு வந்தாரு. கெஞ்சிக் கேட்டு, அந்தப் புள்ள அந்த வருஷமே மூணு தடவ பரீட்சை எழுதிச்சு. மூணு தடவயும் தேறல. அந்த மனுஷன் வாசல்ல நின்னு அழுதாரு. பாக்குற எங்களுக்கே மனசு எளகிருச்சு. எங்க உமையா எளகல. இரும்பு மாதிரி நின்னா! சட்டம்னா சட்டம்."

இலங்கைப் பெண் இதை மாற்றிச் சொல்லச் சொல்ல, மூன்று முகங்களும் மாறிக்கொண்டே போயின. நான் அந்த மாற்றத்தை முன்பு ஒரு மேசைக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். மலர்ந்தது சுருங்குகிற மாற்றம். என்ன செய்துவிட்டேன் என்று தெரியவில்லை. ஆனால் செய்துவிட்டேன் என்று தெரிந்தது.

தான்டேகா அம்மாள் கேட்டார்: "வீட்டுக்குப் போன ஐம்பது பேர் என்ன ஆனார்கள்?"

"எனக்கென்ன தெரியும்? அது அவங்கவங்க வீட்டுப் பாடு" என்றேன். கேட்பதற்குக்கூட ஒரு கேள்வியா அது என்று இருந்தது.

சாட்சி முடிந்தது, இனி உமையாள் பேசலாம் என்றார்கள். அவளுக்கு நல்ல இங்கிலீஷ் வரும். ஆனால் தமிழிலேயே பேசுகிறேன், ஆயாவும் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். தனாக்கா காய்ந்து கன்னத்தில் வெடித்திருந்தது.

"ஆயா சொன்னதெல்லாம் உண்மை. இடம் பத்தாதுன்னுதான் டெஸ்ட் வச்சேன்." நிறுத்தினாள். "இல்ல, இடம் மட்டும் காரணம் இல்ல. பெயிலாகுற புள்ளைங்கள சேத்தா என் பேர் போயிரும்னு பயம். மிஸ்பாவோட ஸ்கூல் ரெண்டு வருஷம் மூடிக் கெடந்துச்சு. அவ வீட்ல வெளக்கு கெடயாது. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் தலைவாரிவிட்டவள், இவள் மனதில் இப்படி ஒன்று கிடந்தது எனக்குத் தெரியாது.

அடுத்து நடந்ததுதான் இன்னும் பெரிய அதிர்ச்சி. அந்த இரண்டு பேராசிரியர்களும் எங்கள் முன்னாலேயே சண்டை போட்டார்கள். இலங்கைப் பெண் மூச்சுவாங்க மாற்றிக்கொண்டே இருந்தாள்.

தான்டேகா அம்மாள் சொன்னார்: "நான் படிக்கப் போன காலத்தில் என் வகுப்பில் கறுப்பர்கள் மூன்று பேர். மார்க் பிள்ளையை மட்டுமா அளக்கிறது? அவள் பள்ளியை அளக்கிறது, வீட்டு விளக்கை அளக்கிறது, காலையில் சாப்பிட்டாளா என்பதை அளக்கிறது. பிறகு எல்லாவற்றையும் சேர்த்து அவள் தலையில் எழுதிவிடுகிறது. இந்தப் பெண்ணின் பரீட்சையும் அதைத்தான் செய்தது."

சிபுசிசோ பெரியவர் விடவில்லை. "கதவைத் திறந்தால் மட்டும் போதுமா? நாமும் திறந்தோம். முதல் வருஷத்தில் பாதிப் பேர் நின்றுபோனார்கள். வழி தெரியாமல் தங்கள் மேலேயே பழி போட்டுக்கொண்டு போனார்கள். உள்ளே வந்தவளைக் கையைப் பிடித்து நடத்த ஆள் வைக்காவிட்டால் அந்தத் திறந்த கதவும் ஏமாற்றுத்தான். இவள் அந்த இருபது பேரையாவது கரையேற்றினாள்."

"அப்படியானால் இவளுக்கு இடம் கொடுக்கலாம் என்கிறீர்களா?"

"இல்லை" என்றார் பெரியவர், யோசிக்காமல். "வருஷத்துக்கு ஐம்பது பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு அதற்காகப் பாராட்டு வாங்கினவள். இவளுக்குக் கொடுக்கிற இடம் இன்னொருவருடையது."

மூன்று வாரத்தில் முடிவு வரும் என்றார்கள். திரை அணைந்தது.

நான்தான் அவள் இடத்தைக் கெடுத்தேன். பெருமை பேசியே கெடுத்தேன். இரண்டு நாள் அவள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் மொஹிங்கா, எங்கள் ஊர் மீன்குழம்பு நூடுல்ஸ், வாங்கிக்கொண்டு நானே போனேன்.

"கோவம் இருந்தா திட்டு. சாப்பிடாம இருந்தா எனக்குப் பிடிக்காது."

"உங்க மேல என்ன கோவம் ஆயா? நீங்க பொய்யா சொன்னீங்க?"

"பின்ன ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?"

"அன்னைக்கு அந்த ஆபீசுல அந்த ஆளு மரியாதையா சொன்னாருல்ல? நானும் பீர் முகைதீன் மாமாகிட்ட அப்படித்தான் சொன்னேன். 'புள்ள நல்ல புள்ளதான் மாமா, மார்க்குதான் பத்தல'ன்னு. ஒரு வார்த்தை மாறல ஆயா."

மொஹிங்கா ஆறிப்போயிற்று. அவளும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

மறுநாள் காலை பீர் முகைதீன் வீட்டுக்குப் போனோம். மிஸ்பாவை டெஸ்ட் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறேன், தனியாகவும் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொல்லத்தான். அவர் சைக்காவைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டார்.

"வாங்க சயாமா. ஏது இந்தப் பக்கம்?"

உமையாள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

"மிஸ்பா தாய்லாந்து போயி ஏழு மாசம் ஆச்சு சயாமா. மஹாச்சாய்ல எறால் உரிக்குது."

"பதினாறு வயசுதான மாமா?"

"பத்தொம்பதுன்னு சொல்லித்தான் சேந்திருக்கு." பிறகு, குத்தலாக இல்லாமல், சாதாரணமாகவே சொன்னார்: "அங்க டெஸ்ட் கெடயாது பாருங்க."

நான் அவர் வீட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் பாயில் குனிந்து எழுதினது எனக்கு நன்றாக நினைவிருந்தது. விரித்தவள் நான் அல்லவா?

உமையாள் நம்பர் கேட்டாள், கொடுத்தார். அங்கேயே நின்று கூப்பிட்டாள். எடுத்தது மிஸ்பாதான். பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம், யாரோ அதட்டுகிற சத்தம்.

"யாரு? உமையாள் சயாமாவா? அல்லா!" சிரித்தது அந்தப் பெண். "என்ன சயாமா, போன்லயே டெஸ்ட்டா?"

"இல்ல மிஸ்பா. நான் ஒன்னப் பத்தி..."

"ஷிஃப்ட்ல இருக்கேன் சயாமா, சூப்பர்வைசர் பாக்குறான். ஞாயித்துக்கிழமை நானே கூப்பிடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடவில்லை. உமையாள் இரண்டு நாளும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

அந்த வருஷம் பாய் விரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வந்தவர்கள் அறுபத்து மூன்று பேர். எல்லோரையும் சேர்த்துக்கொண்டாள். மூன்று வேளையாகப் பிரித்தாள், போன வருஷம் தேறின பிள்ளைகளைப் புதுப் பிள்ளைகளோடு ஜோடி போட்டு உட்காரவைத்தாள். கூடம் போதாமல் என் வீட்டு முன்னறையைக் கேட்டாள். முடியாது என்றேன். என் பகல் தூக்கம் என்ன ஆவது? இரண்டு நாள் முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் கட்டிலை நகர்த்திக்கொடுத்தேன்.

முதல் வாரமே மஞ்சுளா வந்தாள். அவள் மகன் இருபதில் முதலாவதாகத் தேறுகிறவன்.

"சயாமா, ரெண்டாங் கிளாஸ் பர்மியே படிக்கத் தெரியாத புள்ளைக்கு என் மகன் சொல்லிக் குடுத்திட்டு உக்காந்திருக்கான். அதுக்கா அனுப்பறோம்?"

"சொல்லிக் குடுத்தா அவனுக்கும் பதியும் மஞ்சுளா."

"பதிய வேணாம். பாஸானா போதும்." மகனின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டிப்போய்விட்டாள். அவள் பின்னால் இன்னும் ஐந்து பேர் போனார்கள். பேர் கெட்டுவிடும் என்று உமையாள் பயந்தது ஒன்றும் வீண் பயம் இல்லை. கெடத்தான் செய்தது.

முடிவு, அவர்கள் சொன்ன நாளுக்கு நான்கு நாள் பிந்தி வந்தது. போனைப் பார்த்த உமையாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி? சொல்லித் தொலை."

"இடம் குடுத்திருக்காங்க ஆயா."

என் வாய்க்கு அப்புறமுமா? கடிதத்தில் யார் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதியிருந்தார்கள். மூடிய அறையில் முடிவு எடுத்துவிட்டுக் காரணம் சொல்லாமல் அனுப்புவது அவர்கள் வழக்கம் இல்லையாம். தான்டேகா அம்மாளும் குறிப்பெடுத்த இளம்பெண்ணும் சரி என்றார்கள். தன்னைப் புகழ வந்த சாட்சியின் எதிரிலேயே தன் தப்பைச் சொன்னவள் என்று அம்மாள் எழுதியிருந்தார். சிபுசிசோ பெரியவர் வேண்டாம் என்றே எழுதியிருந்தார். திருப்பி அனுப்பப்பட்ட ஐம்பது பேரை இவள் எண்ணிப் பார்க்க நாம் கேட்க வேண்டியிருந்தது, தானாக எண்ணவில்லை என்று காரணமும் எழுதியிருந்தார்.

"கெடக்கட்டும் அந்தக் கண்ணாடி" என்றேன். "இருக்கவங்கள்ல நல்ல மனசுள்ள அம்மா இருக்கில்ல, அதுகிட்டயே படி."

முதல் பாடத்துக்கு எந்தப் பேராசிரியர் வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். உமையாள் விரலால் தட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். எழுத்து எனக்குத் தெரியாது, ஆனால் பெயருக்குப் பக்கத்தில் படம் இருந்தது. கண்ணாடி.

"அடி பாவி! வேணாம்னு சொன்ன மனுஷன்கிட்டயா?"

"ஆமா ஆயா. அவரு இன்னும் என்னென்ன கேப்பாருன்னு எனக்குத் தெரியணும்."

"உனக்கென்ன பைத்தியமா? அவரு உன்னப் பெயிலாக்கிட்டா?"

"ஆக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். என் முன்னறையில் இரண்டாம் வேளைப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் திறந்த வாயை மூடாமல் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.